குழியா, மேடா

ஜனவரி 9

ரயிலில் இரண்டு ராத்திரி. முதுகு முழுக்க மூட்டைப்பூச்சிக் கடி. கைப்பையை மடியை விட்டு இறக்கவில்லை, சில்லுகள் அதற்குள் இருந்தன. கழிப்பறைக்கும் பையோடு போகிறேன் என்பதைக் கவனித்த எதிர் சீட்டு அம்மாள், யாருக்குக் கல்யாணம், எத்தனை பவுன் என்று விசாரித்தாள். எனக்கில்லை என்றேன். பாவம் என்பதுபோல் ஆரஞ்சுச் சுளை கொடுத்தாள்.

அறைக்கு வந்து இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் குளித்தேன். மேகலா முறைத்தாள். ஐந்து வருஷமாக என் அறைத்தோழி, தமிழ்த் துறையில் ஆராய்ச்சி. நான் என்ன செய்கிறேன் என்று வருஷத்துக்கு ஒரு தடவை கேட்டு மறந்துவிடுவாள். இன்றைக்கும் கேட்டாள். எங்கள் ஆய்வு வழிகாட்டி திருஞானம் சார் கருத்தரங்குகளில் சொல்வதையே சொல்லிவைத்தேன். மார்கழியில் ஓட்டை போட்ட கோலத் தட்டைத் தரையில் வைத்து மாவைத் தூவுகிறோம், தட்டை எடுத்தால் கீழே கோலம். எங்கள் தட்டு, அலுமினியத் தகட்டை அமிலத்தில் போட்டு மின்சாரம் பாய்ச்சிச் செய்தது. அதில் கண்ணுக்கே தெரியாத ஓட்டைகள் வரிசை வரிசையாக இருக்கும். அதற்கு லேபில் மாஸ்க் என்று பெயர். தரை என்பது நகத்தளவு சிலிக்கான் சில்லு. மாவு என்பது அயனிக் கற்றை. வடக்கே ஒரு நிலையத்தில் முறை வாங்கி, போய்க் காத்துக் கிடந்து சுட்டு வரவேண்டும். ஓட்டை வழியே இறங்கும் அயனிகள் சில்லில் குழி பறிக்கும். பிறகு மாஸ்கை அமிலத்தில் கரைத்துக் கழுவிவிட்டால் சில்லு முழுக்கப் புள்ளிக் கோலம்.

எதற்கு இதெல்லாம் என்றாள். பிற்காலத்தில் எதெதற்கோ பயன்படும் என்று திட்ட அறிக்கையில் எழுதியிருக்கிறோம், அதைப் பார்த்துக்கொள் என்றேன்.

அவளிடம் சொல்லாதது: எனக்கு அந்தக் கோலம் இதுவரை விழுந்ததே இல்லை. எனக்கு முன்னால் இதே லேபில் பட்டம் வாங்கிய எட்வினுக்கு விழுந்தது. அவர் எடுத்த ஒரே படத்தில்தான் சாரின் பெயர் வெளிநாடு வரை போயிற்று. இந்தத் தடவையும் விழாவிட்டால் ஆய்வேடு இல்லை. ஜூலைக்குள் பட்டம் இல்லாவிட்டால், ஊரில் பெண்கள் கல்லூரிக்காரர்கள் எனக்காக வைத்திருக்கும் வேலையை வேறொருத்திக்குக் கொடுத்துவிடுவார்கள். அம்மா கோவில்பட்டியில் அந்தக் கல்லூரிக்குப் பக்கத்திலேயே வாடகைக்கு வீடு பார்த்துவிட்டாள்.

ஜனவரி 13

போகி. ஊரெல்லாம் பழையதை எரித்துப் புகை கிளப்புகிறது. நான் லேபில் சில்லு கழுவினேன். முதல் சில்லு, பளிங்கு மாதிரி. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் புள்ளியும் இல்லை, பூவும் இல்லை. இரண்டாவதும் அப்படியே.

சார் திரையை எட்டிப் பார்த்தார். கோபிக்கவில்லை. அவர் கோபித்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். "வல்லி, நீ அளவுக்கு மீறிக் கழுவற. இது பாத்திரம் இல்லம்மா" என்றார். ஜூனியர்கள் சிரித்தார்கள். செண்பகவல்லி என்ற என் பெயரைச் 'சோப்புவல்லி' என்று இவர்கள் மாற்றி நாளாயிற்று, எனக்குத் தெரியாது என்று நினைக்கிறார்கள்.

இது எங்கள் லேபின் வேதம்: அதிகம் கழுவினால் புள்ளி போய்விடும். எட்வின் சொல்லி வைத்தது. கழுவுவதில் ஒரு பக்குவம் இருக்கிறதாம், அது சிலர் கைக்குத்தான் வருமாம். என் கை டம்ளரைக் கூட மூன்று தரம் அலசும் கை. அம்மா வளர்த்த லட்சணம்.

ஜனவரி 14

பொங்கல். மெஸ்ஸில் சர்க்கரைப் பொங்கல். முந்திரி இல்லை.

ஜனவரி 20

வெளிநாட்டில் இருக்கும் எட்வினுக்கு போன் செய்தேன். அங்கே காலை, பின்னால் காபி மெஷின் சத்தம் கேட்டது. லேபில் எல்லோருக்கும் முன்னால் எட்வின் அண்ணன் என்பேன். இதில் எழுதும்போது அண்ணன் வருவதில்லை.

சும்மா முக்கி எடுத்தால் போதும், மாஸ்க் உரிந்து மேலே மிதக்க ஆரம்பித்ததும் சில்லை வெளியே எடுத்துவிடு, ஆசைப்பட்டு உள்ளேயே வைத்திருக்காதே என்றார். சொன்னபடி செய்தேன். கை பரபரத்தது, கட்டிப்போட்டதுபோல் நின்றேன்.

வந்துவிட்டது. திரை முழுக்கப் புள்ளி. வரிசை தப்பாமல், இடைவெளி தப்பாமல். எழுந்து நின்று கைதட்டினேன், யாரும் இல்லாததால் எனக்கு நானே. சார் வந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இப்பத்தான் உனக்குக் கை வந்திருக்கு" என்றார். எல்லோருக்கும் அவர் செலவில் பஃப்ஸ்.

அம்மாவிடம் சொன்னேன். விஷயம் புரியாமலே அழுதாள். வீட்டுக்காரரிடம் ஜூனில் குடிவருவதாகச் சொல்லிவிடட்டுமா என்று கேட்டாள். சொல்லு என்றேன்.

ஜனவரி 31

மூன்றாம் அத்தியாயம் முடிந்தது. எத்தனையோ வருஷம் ஓடாத வண்டி இறக்கத்தில் ஓடுகிறது.

எட்வினுடைய கல்யாணப் படம் குரூப்பில் வந்தது. பெண் நாகர்கோவில்தானாம், நர்ஸாம். நல்ல உயரம். எல்லோரையும் போல நானும் கேக் படம் ஒன்று அனுப்பினேன். பிறகு ஜன்னல் திரை, தலையணை உறை, மிதியடி எல்லாவற்றையும் துவைத்தேன். மேகலா தன் போர்வையைப் பிடித்துக்கொண்டு தரமாட்டேன் என்றாள். அழுக்காக இருந்தது, துவைத்தேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 12

பல்கலைக்கழக விதிப்படி ஆய்வேட்டின் முன்னால் தமிழில் ஒரு சுருக்கம் வைக்கவேண்டும். யாரும் படிப்பதில்லை. பெரும்பாலும் முந்தைய ஆளின் சுருக்கத்தில் பெயரை மாற்றி ஒட்டிவிடுவார்கள். நான் மேகலாவைப் பிடித்தேன். அவள் ஒரு சாக்லேட்டுக்குச் சம்மதித்தாள்.

மாஸ்க் என்பதற்கு முகமூடி என்று நான் எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தாள். திருடன் கதையா என்றாள். மறைப்பு என்று மாற்றினோம். அதுவரை சுகமாகப் போயிற்று. அடுத்த வரியில் பென்சிலை வைத்துவிட்டாள். ஆங்கிலத்தில் நானும் எட்வினும் சாரும் எல்லாக் கட்டுரையிலும் ஃபீச்சர்ஸ் என்றே எழுதியிருக்கிறோம். சில்லின் மேல் ஃபீச்சர்ஸ் உண்டாயின. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள்.

"புள்ளின்னு போடு" என்றேன்.

"புள்ளி சரி. ஆனா வினை வேணுமே. குழின்னா விழுந்தது. மேடுன்னா எழும்புச்சு, இல்ல ஒட்டியிருந்துச்சு. உன்னோடது குழியா, மேடா?"

"குழிதான்."

"பாத்தியா?"

எத்தனை பெரிய கேள்வி, எப்படிச் சாதாரணமாகக் கேட்டுவிட்டாள். நான் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை. மைக்ராஸ்கோப்பில் நேர் மேலிருந்து பார்த்தால் வெள்ளை வட்டங்கள் தெரியும். உள்ளே போகிறதா வெளியே நிற்கிறதா என்று அந்தப் படம் சொல்லாது. மேற்பரப்பில் ஊசியால் தடவி மேடு பள்ளம் அளக்கும் கருவி பக்கத்துத் துறையில் இருக்கிறது. அந்தத் துறைத் தலைவருக்கும் சாருக்கும் நான் சேருவதற்கு முன்பிருந்தே பேச்சு வார்த்தை இல்லை. அதனால் எங்கள் லேபிலிருந்து யாரும் அந்தக் கருவிக்குப் போனதில்லை.

குழிதான், எழுது என்றேன். எழுதினாள். தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 17

பக்கத்துத் துறைக்குப் போய், யாருடைய மாணவி என்று சொல்லாமல், ஒரு மணி நேரம் வாங்கினேன். என் நல்ல சில்லை ஊசிக்கு அடியில் வைத்தேன். பள்ளம் கறுப்பாகவும் மேடு வெளுப்பாகவும் திரையில் வரிவரியாக வரும்.

வெளுப்பு. எல்லாம் வெளுப்பு. எங்கும் ஒரு குழி இல்லை. அழகாக, வரிசையாக, மேடு.

அதே சில்லைத் திரும்பக் கொண்டுவந்து என் இஷ்டத்துக்குக் கழுவினேன், அம்மா கழுவுவதுபோல். மறுபடி பார்த்தேன். பளிங்கு.

இதில் மூளையைக் கசக்க ஒன்றுமே இல்லை. நாங்கள் பயன்படுத்தும் அமிலத்தில் மாஸ்க் கரையும், சிலிக்கான் கரையாது. முதல் வருஷமே படித்தது. கழுவினால் போகிறது என்றால் அது ஒட்டிக்கொண்ட மாஸ்கின் மிச்சம்தான். மாஸ்கின் ஓட்டைகளுக்கு அடியில் ஒரு மெல்லிய மூடல் இருக்கும், அதைத் திறந்துவிட்டுத்தான் சில்லின் மேல் வைக்கவேண்டும். எட்வின் முறையில் அது சரியாகத் திறப்பதே இல்லை. கற்றை உள்ளே இறங்கவேயில்லை. சாரின் உவமைப்படியே சொன்னால், மாவு தரையில் விழவே இல்லை, தட்டின் துரு தரையில் ஒட்டியதைத்தான் கோலம் என்று உலகத்துக்குக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் இத்தனை வருஷம் லேபில் ஒழுங்காக வேலை செய்தது நான் ஒருத்திதான். வெறும் சில்லைக் கொண்டுவந்து காட்டி வெட்கப்பட்டு நின்றேனே, அதுதான் சரியான விடை. சிரிப்பு வரவில்லை.

பிப்ரவரி 18

எட்வினுக்குச் சொன்னேன். ஊசிப் படத்தையும் அனுப்பினேன். நான் எதிர்பார்த்தது அதிர்ச்சி. காபி மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்பம் அதக் கிண்டாத வல்லி. முதல்ல பட்டத்த வாங்கு" என்றார்.

முன்னாலேயே தெரியுமா என்று கேட்டேன். சந்தேகம் இருந்தது, ஆனால் அப்போது கட்டுரை வெளியாகிவிட்டது, விசாவும் வந்துவிட்டது என்றார். எனக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். "அதுக்குத்தான் ரொம்பக் கழுவாதேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன்லா. ஒன்ன நெனச்சுதான் சொன்னேன்" என்றார்.

என்னை நினைத்து. லேபில் எல்லோரும் போனபிறகு, என் பின்னால் நின்று, போதும் வல்லி, எடுத்துடு, என்று மெதுவாகச் சொல்வாரே. அதை எத்தனை நாள் மனசுக்குள் போட்டு வைத்திருந்தேன்.

அவர் எண்ணை அழிக்கவில்லை. அழிக்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை.

பிப்ரவரி 19

தலைவலி. மெஸ்ஸில் கத்தரிக்காய்.

பிப்ரவரி 27

சாருக்குப் புதிய ஆய்வு மையம் கட்டி முடித்துவிட்டார்கள். நுழைவுச் சுவரில், ஆள் உயரத்துக்கு, எட்வினின் படத்தை மாட்டப்போகிறார்களாம். பழைய படம் அவ்வளவு பெரிதாக்கினால் மங்குகிறது. அந்தச் சில்லையே திரும்ப எடுத்து நல்ல படமாக எடுத்துக் கொடு என்று என்னிடம் கொடுத்தார். அலமாரியில் பூட்டிய டப்பாவுக்குள், வெல்வெட் துணியில், கல்யாண மோதிரம் மாதிரி வைத்திருக்கிறார். கொடுக்கும்போது, உன் கையை நம்பித் தருகிறேன் என்றார்.

ஊசிப் படத்தை அவரிடம் காட்டுவதற்காகப் பையில் வைத்திருந்தேன். காட்டவில்லை. எட்வினுடைய சில்லும் அப்படித்தானா என்று தெரியாமல் எப்படிக் காட்டுவது?

மார்ச் 3

படம் எடுக்கும் முன் சில்லின் தூசியைச் சுத்தம் செய்வது வழக்கம். செய்தேன்.

அமிலம் வெதுவெதுப்பாக இருந்தது. கையுறை மாற்றிக்கொண்டேன். எழுத வேறு எதுவும் இல்லை.

மார்ச் 4

வெறும் சில்லை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டு சாரை அழைத்தேன். அவர் திரையைப் பார்த்தார். குவியத்தை மாற்றச் சொன்னார். இடத்தை மாற்றச் சொன்னார். ஒவ்வொரு மூலையாக நகர்த்தினேன். அவர் முகம் சின்னப் பையன் முகம்போல் ஆகிவிட்டது. ஒரு கணம், ஐயோ பாவம் என்றிருந்தது, மறைக்கமாட்டேன்.

என்ன செய்தாய் என்றார். கழுவினேன் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஊசிப் படத்தை மேஜையில் வைத்தேன். பக்கத்துத் துறையின் முத்திரையைப் பார்த்ததும் அவர் முகம் மறுபடி பெரியவர் முகமாயிற்று.

"உன் சில்லுல மேடு இருக்கலாம். அது உன் வேலை. எட்வின் சில்லுல இருந்தது குழி. அதை நீ கெடுத்துட்ட."

"குழியக் கழுவ முடியுமா சார்?"

கதவருகே ஜூனியர்கள் நின்றிருந்தார்கள், எப்போது வந்தார்கள் என்று தெரியவில்லை. சார் அவர்கள் பக்கம் திரும்பினார். குரலில் கோபம்கூட இல்லை, சலிப்பு மட்டும்.

"வல்லி எட்வினோட சாம்பிளக் கழுவிட்டாப்பா" என்றார்.

அவ்வளவுதான். அவர்கள் முகத்தில் ஒரு சந்தேகம், ஒரு கேள்வி வருமா என்று ஒவ்வொருவராகப் பார்த்தேன். யாருக்கும் ஆச்சரியமே இல்லை. வல்லி கழுவிவிட்டாள். வேறென்ன செய்வாள். ஒருவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். என்னிடம் இருந்த ஒரே சாட்சியை நானே கரைத்துவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஊசியில் வைத்துப் பார்த்துவிட்டுக் கழுவியிருக்கவேண்டும். முதலில் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கழுவவேண்டும் என்றுதான் தோன்றிற்று.

மார்ச் 7

சார் தனியே கூப்பிட்டார். டீ கொடுத்தார். நடந்ததை மறந்துவிடுவோம் என்றார், நான்தான் ஏதோ மன்னிப்புக் கேட்டதுபோல. என் மூன்றாம் அத்தியாயத்தில் ஜனவரிப் படம் இருக்கிறது, அதை அப்படியே வைத்துச் சமர்ப்பித்தால் வாய்மொழித் தேர்வை ஜூனிலேயே முடித்துத்தருகிறார். சுவருக்கும் அந்தப் படமே போதுமாம், கீழே என் பெயரும் வரும். இல்லை, ஊசிப் படத்தைத்தான் போடுவேன் என்றால் போடலாம், தடையில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து திரும்பச் செய்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து.

"உனக்கு வேலை காத்துட்டிருக்குன்னு சொன்னியேம்மா" என்றார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அதுதான் சகிக்கவில்லை.

மார்ச் 8

மாட்டேன். செத்தாலும் அந்தப் படத்தை வைக்கமாட்டேன்.

மார்ச் 9

அம்மா போன். வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறாராம், உனக்கு எந்த நிறம் வேண்டும் என்று கேட்கிறாராம். "ஏட்டி, பச்சை அடிச்சா கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும், என்ன சொல்லுத?" என்றாள். பச்சையே அடிக்கச் சொன்னேன்.

மார்ச் 21

பைண்டிங் கடையில் கூட்டம். அட்டை கருநீலம், எழுத்து தங்கம்.

தமிழ்ச் சுருக்கத்தை நேற்று மேகலா கடைசியாகத் திருத்தினாள். அந்த வரியில் மறுபடி பென்சில் நின்றது. குழி விழுந்தது என்று இருக்கிறதே, அப்படியே விடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சரி, மேடு என்றால் ஒட்டியிருந்தது என்று மாற்றட்டுமா என்றாள். அதுவும் வேண்டாம் என்றேன். அவள் என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். ஐந்து வருஷம் ஒரே அறையில் இருந்தவள். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "'அமைப்புகள் உருவாயின'ன்னு போட்டுக்கலாம். குழிக்கும் பொருந்தும், மேட்டுக்கும் பொருந்தும்."

தமிழிலும் இருக்கிறது அப்படி ஒரு சொல். போட்டேன். சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன், அவள் வாங்கி மேஜையில் வைத்தாள். இன்று காலைவரை பிரிக்கவில்லை.

மே 6

வெயில். தண்ணீர் லாரி வரவில்லை. ஒரு வாளியில் குளித்துப் பழகிவிட்டேன்.

ஜூன் 24

வாய்மொழித் தேர்வு. அரங்கில் நல்ல கூட்டம், புதுப் பட்டுச்சேலை. வெளித் தேர்வாளர் படத்தைப் பார்த்து மிக நேர்த்தி என்றார். அதற்கு மேல் அந்தப் படத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. குழியா மேடா என்று யாராவது கேட்டால் சொல்லிவிடுவது என்று மேடை ஏறும்வரை நினைத்திருந்தேன். கேட்டால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

எட்வின் வாழ்த்து அனுப்பினார். நன்றி அண்ணா என்று பதில் போட்டேன்.

ஜூலை 2

நாளை மறுநாள் ஊருக்கு. பாத்திரம், புத்தகம் எல்லாம் கட்டியாயிற்று.

ஹாஜிரா என்று ஒரு பெண் லேபில் சேர்ந்திருக்கிறாள், ஆம்பூர்ப் பக்கம். சுறுசுறுப்பு. போவதற்கு முன் முறையை அவளுக்குச் சொல்லிக்கொடு என்றார் சார். நான் வடக்கே சுட்டுக் கொண்டுவந்ததில் மீந்த சில்லுகளை அவளிடம் கொடுத்திருந்தேன். மதியம் என் நாற்காலியருகே வந்து நின்றாள். கையில் மைக்ராஸ்கோப் படம். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமே இல்லக்கா. நான் நல்லாத்தான் கழுவினேன். தப்பு எங்கன்னே தெரியல."

படத்தை வாங்கிப் பார்த்தேன். பளிங்கு. ஒரு கறை இல்லை, ஒரு மேடு இல்லை. இவ்வளவு சுத்தமாக நான்கூடக் கழுவியதில்லை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் சார் யாருடனோ போனில் சிரித்துக்கொண்டிருந்தார். நுழைவுச் சுவரில் என் ஜனவரிப் படம், கீழே என் பெயர், முன்னால் டாக்டர்.

அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"அளவுக்கு மீறிக் கழுவியிருக்க" என்றேன். "லேசா முக்கி எடுத்தாப் போதும். போகப்போகக் கை வந்துடும்."

ஹாஜிரா முகத்தைத் துடைத்துக்கொண்டு அதைக் குறித்துக்கொண்டாள். தேங்க்ஸ்க்கா என்றாள்.